டின் விசிலா, ஐரிஷ் ஃபுளூட்டா: எதில் தொடங்குவது?

3 மார்ச் 2024 – கேள்வி

வேலை காரணமாக அயர்லாந்தின் லிமெரிக் நகருக்கு வந்து குடியேறியிருக்கிறேன். சிறுவயதில் சில ஆண்டுகள் கர்நாடகப் புல்லாங்குழல் கற்றுப் பாதியில் விட்டவன். இங்குள்ள பப்களில் வாரந்தோறும் நடக்கும் செஷன்களை, அதாவது பலர் கூடி வாசிக்கும் அமர்வுகளை, கேட்கத் தொடங்கியதிலிருந்து ஐரிஷ் இசையை வாசிக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: முதலில் டின் விசில் என்ற, நேராகப் பிடித்து ஊதும் சிறு தகரக் குழலை வாங்கு, அது கைவந்த பிறகு பக்கவாட்டில் பிடித்து ஊதும் மர ஃபுளூட்டுக்குப் போ. விசில் ஃபுளூட்டுக்கு முதற்படி என்பது எந்த அளவுக்கு உண்மை?

3 மார்ச் 2024, இரவு

பாதி உண்மை. அந்தப் பாதி விரல்களைப் பற்றியது. இரண்டு கருவியிலும் ஆறு துளைகள்தாம். ஆறையும் மூடினால், மேற்கத்தியப் பெயரில், டி என்ற சுரம். கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால் ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி ஷார்ப். மூச்சைச் சற்றே அழுத்தினால் அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயி. விசிலில் ஒரு மெட்டைக் கற்றவருக்கு ஃபுளூட்டில் அந்த மெட்டின் விரல்வழி தானாகவே வந்துவிடும்.

மூச்சின் கதை வேறு. விசிலின் வாய்ப்பகுதியில் காற்று செல்ல வேண்டிய ஒடுங்கிய பாதையைச் செய்தவரே அமைத்துக் கொடுத்துவிடுகிறார். ஊதியவுடன் காற்று அந்தப் பாதை வழியாகப் போய்க் கூரிய விளிம்பில் மோதி ஒலியாகிறது. வாசிப்பவர் முடிவு செய்ய வேண்டியது எவ்வளவு ஊதுவது என்பதை மட்டுமே. ஃபுளூட்டில் அந்தப் பாதையை உதடுகள் அமைக்க வேண்டும். காற்றின் பருமன், வேகம், கோணம், விளிம்புக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகிய எல்லாம் வாசிப்பவர் பொறுப்பு. விசிலை எத்தனை ஆண்டுகள் வாசித்தாலும் இவற்றில் எதற்கும் பயிற்சி கிடைப்பதில்லை.

நான் கால்வேயில் விசிலோடு தொடங்கியவன். ஃபுளூட்டை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது விரல்களுக்கு மெட்டு தெரிந்திருந்தது, குழலோ சீறலைத் தவிர வேறெதையும் தரவில்லை. காற்றில் பெரும்பகுதி விளிம்பைத் தொடாமலே வீணானதால் சற்று நேரத்தில் தலைசுற்றலும் வந்தது. விசில் வாசித்ததால் அந்தக் கட்டம் எனக்குச் சுருங்கியதாக நினைவில்லை. ஆகவே எந்த ஒலி உங்களை இழுத்ததோ அந்தக் கருவியில் தொடங்குங்கள் என்பதே என் பதில். ஃபுளூட்டின் ஒலிக்காக ஏங்குபவர் விசிலில் ஓராண்டைக் கழித்தால், அந்த ஓராண்டு விசிலுக்குத்தான் பயன்படும்.

4 மார்ச் 2024

விலை கேட்டவருக்கு. கடைகளில் கிடைக்கும் சாதாரண டி விசில் 10 முதல் 15 யூரோ. டெல்ரின் என்ற நெகிழியில் கடைந்த, சாவிகள் (துளைகளைத் திறந்து மூடும் நெம்புகள்) இல்லாத ஃபுளூட் சில நூறு யூரோ. பெயர்பெற்றவர்கள் மரத்தில் செய்பவை ஆயிரத்தைத் தாண்டும். எட்டுச் சாவிகளோடு வேண்டுமென்றால் பல ஆயிரம், அதற்குமேல் நீண்ட காத்திருப்பு. இணையக் கடைகளில் நூறு யூரோவுக்கும் குறைவாக, பளபளக்கும் பித்தளை வளையங்களோடு "ஐரிஷ் ஃபுளூட்" என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை சுவரில் மாட்டி வைக்க உகந்தவை.

6 மார்ச் 2024

"விரல்கள் வந்துவிடும் என்றால் பாதி வேலை முடிந்துவிட்டதே" என்று ஒருவர் வாதிடுகிறார். விரல்கள் எந்த அளவுக்கு வரும் என்பதைச் சற்று நுணுக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐரிஷ் இசையின் அணிகள் பெரும்பாலும் விரலால் ஆனவை. கட் என்பது ஒரு சுரத்தின் தொடக்கத்தில் மேலுள்ள ஒரு விரலைக் கண்ணிமைக்கும் நேரம் தூக்கி இறக்குவது. டேப் என்பது கீழுள்ள திறந்த துளையை விரலால் தட்டி எடுப்பது. இரண்டையும் சேர்த்து, ஒரே சுரத்தை மூன்றாகப் பிரித்து ஒலிக்கச் செய்தால் அது ரோல். கீழ் டி-யில் எல்லாத் துளைகளும் மூடியிருப்பதால் தட்டுவதற்குத் துளை மிச்சமில்லை. அங்கே கட்களை மட்டும் அடுத்தடுத்து அடுக்கும் கிரான் என்ற அணி இல்லன் பைப்ஸ் என்னும் துருத்தி இசைக்கருவியிலிருந்து வந்து சேர்ந்தது. இவை யாவும் விசிலிலிருந்து ஃபுளூட்டுக்கு அப்படியே வரும், அதை மறுக்கவில்லை.

வராதவையும் உண்டு. விசிலில் மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது துளைகளை மட்டும் மூடினால் பெரும்பாலும் சி நேச்சுரல் (சி ஷார்ப்புக்கு அரைச்சுரம் கீழுள்ள சி) கிடைத்துவிடும். ஃபுளூட்டில் அந்தச் சுரத்துக்கான விரலமைப்பைக் குழலுக்குக் குழல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சுரங்களைப் பிரிப்பதும் வேறுபடுகிறது. விசில் வாசிப்பவர்கள் நாக்கைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். ஃபுளூட்டில் பலர் நாக்கை விட்டுவிட்டுத் தொண்டையை மூடித் திறந்தோ, மூச்சை உந்தியோ அழுத்தம் கொடுக்கிறார்கள். லீட்ரிம் மாவட்டத்தில் 1880-இல் பிறந்து, நியூயார்க்கில் தீயணைப்பு வீரராக வேலை பார்த்து, 1920-களில் இசைத்தட்டுகள் பதிந்த ஜான் மெக்கென்னாவைக் கேட்டால் இது தெளிவாகும். அவர் வாசிப்பின் தாளம் முழுவதும் மூச்சின் உந்துதலில் இருக்கிறது. அதே உந்துதலை விசிலில் கொடுத்தால் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும்.

9 மார்ச் 2024

அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் இதைப் படிக்கவும். டி விசிலின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 587 ஹெர்ட்ஸ். ஃபுளூட்டின் தாழ்ந்த சுரம் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 294 ஹெர்ட்ஸ். விசிலின் இரண்டாம் ஸ்தாயியில் வரும் பி ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸை எட்டுகிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதி அங்கேதான் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, மேலே போகப் போக விசிலை உரக்கத்தான் ஊத முடியும். மெல்ல ஊதினால் சுரம் கீழே விழுந்துவிடும். ஃபுளூட் வாசிப்பவர் உதட்டை ஒடுக்கி மேல் சுரங்களையும் தணித்து வாசிக்கலாம்.

விசிலைத் தொடங்கிய காலத்தில் நான் இருந்த அடுக்ககத்தின் சுவர்கள் மெலிந்தவை. பக்கத்து வீட்டு அம்மையார் மிகவும் பண்பானவர். ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, நான் வாசிக்கும் ரீல் என்ற வேகமான நடன மெட்டில் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இரண்டாம் பகுதியை மட்டும் அவர் கடைக்குப் போகும் நேரத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஃபுளூட்டுக்கு மாறிய பிறகு அப்படி யாரும் கேட்டதில்லை.

10 மார்ச் 2024

நாய் வளர்ப்பவர் எதை வாங்கலாம் என்று கேட்டவருக்கு: நாயைக் கேளுங்கள். என் நண்பர் வீட்டு நாய் விசில் ஒலித்தால் எழுந்து வெளியே போய்விடும், ஃபுளூட்டுக்குத் தூங்கும். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

17 மார்ச் 2024

இன்று புனித பேட்ரிக் திருநாள். ஊர் முழுவதும் ஊர்வலக் கூட்டம், வெளியே போக மனமில்லை. அதனால் கேள்விக்குத் திரும்புகிறேன். கேட்டவர் கர்நாடகப் புல்லாங்குழல் வாசித்தவர் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். அது கணக்கையே மாற்றிவிடுகிறது.

புதியவருக்கு ஃபுளூட்டில் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியது உதட்டோடு. இவருக்கு உதடு ஏற்கெனவே பழகியது. மூங்கிலின் ஊதுதுளைக்கும் கடைந்த மரத்தின் ஊதுதுளைக்கும் வேறுபாடு உண்டுதான். ஆனாலும் காற்றை விளிம்பில் பிரிக்கும் வேலை ஒன்றே. விட்டுப்போன பழக்கம் சில வாரங்களில் திரும்பிவிடும்.

விரல்களில்தான் இவர் பழசை மறக்க வேண்டியிருக்கும். நம் புல்லாங்குழலில் இரு துளைகளை மூடினால் ஆதார ஸட்ஜம். ஐரிஷ் மெட்டு டி மேஜரில் இருந்தால் ஆறும் மூடிய இடத்தில் ஸட்ஜம் உட்கார்ந்து, மேலே சங்கராபரணத்தின் சுரங்கள் வரும். ஜி மேஜர் மெட்டுக்கு மூன்று துளை மூடிய இடம் ஆதாரம். ஈ-யை ஆதாரமாகக் கொண்ட டோரியன் மெட்டுகள் கரகரப்பிரியாவின் சுரங்களில் அமைந்தவை. ஏ-யை ஆதாரமாகக் கொண்ட மிக்ஸோலிடியன் மெட்டுகளில் மட்டும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது: ஆதாரம் இரு துளை மூடிய இடத்துக்கே வந்துவிடும், சுரங்கள் அரிகாம்போதி. நம் குழலில் விரல்கள் இயல்பாகத் திறக்கும் வரிசையும் அதுவே. எனவே இவர் முதலில் அந்த வகை மெட்டுகள் சிலவற்றை எடுத்துப் பழகினால் கை அந்நியமாக உணராது.

ஒன்றை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். சுரத்தை அசைக்கத் துடிக்கும் கை. ஐரிஷ் இசையில் சறுக்கல் அறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆயினும் சுரம் பெரும்பாலும் நேராக நிற்கும். அழகு தாளத்தின் எடை எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. முதல் செஷனில் ஜிக் என்ற நடன மெட்டின் நடுவே கமகம் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பிடில் வாசித்தவர் வில்லை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கேலி இல்லை, அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் மெட்டு நின்றுபோயிற்று.

24 மார்ச் 2024

"லோ விசில் வாங்கினால் இரண்டும் ஒன்றிலேயே கிடைக்குமே" என்ற யோசனை வந்திருக்கிறது. லோ டி விசிலின் ஸ்தாயி ஃபுளூட்டினுடையது, வாய்ப்பகுதி விசிலினுடையது. கேட்க நியாயமாக இருக்கிறது. அது பிறந்த கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்குண்டு: ஐரிஷ் இசைக்கலைஞர் ஃபின்பார் ஃப்யூரி வைத்திருந்த இந்திய மூங்கில் விசில் உடைந்துபோக, அதற்கு ஈடாக ஒன்று செய்து தரும்படி இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்னார்ட் ஓவர்ட்டனிடம் போனார். அவர் 1970-களின் தொடக்கத்தில் அலுமினியக் குழாயில் செய்து கொடுத்ததிலிருந்துதான் இன்றைய லோ விசில் வளர்ந்தது. பிறகு டேவி ஸ்பிலேன் போன்றவர்கள் அதை உலகெங்கும் கேட்கச் செய்தார்கள்.

ஆனாலும் அதை எளிய வழி என்று நினைத்து வாங்க வேண்டாம். துளைகள் பெரியவை, இடைவெளி அகலம், மூச்சும் நிறையத் தின்னும். அடியிலுள்ள டி-யை நிலையாக ஊதுவது தனிப் பயிற்சி. மந்தமான மெட்டுக்கு உருக்கமாக இருக்கும். பத்துப் பேர் ரீல் வாசிக்கும் செஷனில் அதன் ஒலி எடுபடாது. ஃபுளூட்டின் கீழ் டி-யைக் கரகரப்போடு அழுத்தி ஊதினால் அறையின் மறுகோடிவரை போகும்.

7 ஏப்ரல் 2024

பழைய ஃபுளூட் ஒன்றை ஏலத்தில் எடுக்கலாமா என்ற கேள்விக்கு வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஐரிஷ் ஃபுளூட் என்று நாம் அழைப்பது அயர்லாந்தில் தோன்றியதன்று. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் பட்டறைகள், குறிப்பாக ரூடால் அண்ட் ரோஸ் போன்றவை, கச்சேரி வாசிப்புக்காகச் செய்த மர ஃபுளூட் அது. உட்குழி தலையிலிருந்து அடிநோக்கிக் குறுகும். 1847-இல் தியோபால்ட் பேம் உருளை வடிவ உட்குழியும் புதிய சாவி அமைப்பும் கொண்ட ஃபுளூட்டைக் கொண்டுவந்தபின், கச்சேரிக் கலைஞர்கள் காலப்போக்கில் அதற்கு மாறினார்கள். வேண்டாதவையாகிப்போன மரக்குழல்கள் மலிவாகக் கைமாறி அயர்லாந்தின் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் பகுதிகளில் அவை ஊன்றிய வேர் இன்றுவரை பட்டுப்போகவில்லை.

விசிலுக்கும் ஏறத்தாழ அதே காலம். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துக் கோனி வெஸ்டன் கிராமத்தில் ராபர்ட் கிளார்க் 1843-இல் தகரத்தைச் சுருட்டி மரக்கட்டை செருகி விற்கத் தொடங்கினார். பிறகு மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து அங்கே தொழிலைப் பெருக்கினார். எலும்பில் செய்த விசில்கள் டப்ளின் நகர அகழ்வாய்வில் கிடைத்துள்ளன, அவை 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. என்றாலும் இன்று எல்லோர் கையிலும் உள்ள மலிவு விசில் தொழிற்புரட்சியின் பிள்ளை.

ஏலத்துக்கு வருகிறேன். அக்காலத்தில் சுருதி ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஏ-க்கு 452 ஹெர்ட்ஸ்வரை உயர்த்திய சுருதியும் இங்கிலாந்தில் புழங்கியது. அப்படிப்பட்ட குழலை இன்றைய 440-க்குக் கொண்டுவரத் தலைப்பகுதியை வெளியே இழுத்தால், சுரங்களுக்கிடையே உள்ள உறவு குலைந்துவிடும். தேர்ந்தவர்கள் உதட்டால் சரிசெய்வார்கள். தொடங்குபவர் தன் உதட்டின் குறை எது, குழலின் குறை எது என்று பிரித்தறிய முடியாமல் திண்டாடுவார். வேண்டாம்.

21 ஏப்ரல் 2024

மரமா, டெல்ரினா? இன்று ஃபுளூட்டுக்கு மிகுதியாகப் பயன்படுவது ஆப்பிரிக்கக் கருமரம். தான்சானியா, மொசாம்பிக் நாடுகளிலிருந்து வருவது, நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. முன்பு கோக்கஸ் மரம் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. கருமரம் சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது குழல் செய்பவர்கள் ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் சான்றிதழ் தேட வேண்டியிருந்தது. 2019-இன் இறுதியில் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆகவே தபாலில் வாங்குபவர் இப்போது அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வீட்டு வெப்பமூட்டியைப் பற்றி. இந்த நாட்டில் வெளியே ஓயாமல் மழை, உள்ளே குளிர்காலம் முழுவதும் உலர்ந்த வெப்பம். தலைப்பகுதியில் உலோகக் குழாய் பொருத்திய குழல்களில் மரம் சுருங்கும்போது உலோகம் சுருங்காது, மரம் பிளந்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு அருகில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், வாசித்ததும் உள்ளே துடைக்க வேண்டும், அவ்வப்போது உட்குழிக்குப் பாதாம் எண்ணெய் தடவ வேண்டும். புதுக்குழலை ஆரம்ப வாரங்களில் நெடுநேரம் வாசிக்கவும் கூடாது. டெல்ரினுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை, குழாயடியில் கழுவலாம். ஒலியில் வேறுபாடு தெரியும் என்று சாதிப்பவர்கள் உண்டு. உட்குழியின் வடிவமும் ஊதுதுளையின் விளிம்பும் ஒன்றாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கையில் பிடிக்கும்போது மரம் தரும் நிறைவு வேறு, அதை மறைக்க மாட்டேன்.

விசிலுக்குப் பராமரிப்பு: காற்றுப்பாதையில் நீர் திரண்டு ஒலி அடைத்தால், உறிஞ்சி எடுக்கவும். அடிக்கடி அடைத்தால் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளியை உள்ளே விட்டு உலரவிடவும். அவ்வளவுதான்.

5 மே 2024

விரல் எட்டவில்லை என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். ஃபுளூட்டின் கீழ்க்கைத் துளைகள் அகன்று விலகியிருப்பதால், விரல்நுனியால் மூட முயன்றால் மணிக்கட்டு மடங்கி வலிக்கும். பைப்ஸ் வாசிப்பவர்களைப் போல விரல்களைத் தட்டையாக நீட்டி நடுக்கணுவின் சதையால் மூடிப் பாருங்கள். அப்படியும் வலித்தால் சிறிய துளைகள் கொண்ட ரூடால் பாணிக் குழல் பொருந்தும். மற்றொரு பழைய லண்டன் வடிவமான பிராட்டன் பாணிக் குழல்களின் துளைகள் பெரியவை, ஒலியும் பெரிது. உடலின் அளவை அசட்டை செய்து கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதை முதல் குறிப்பிலேயே சேர்த்திருக்கலாம். தோள், கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றில் ஏற்கெனவே தொல்லை உள்ளவருக்கு விசிலே நல்ல தேர்வு. ஃபுளூட்டைப் பக்கவாட்டில் ஒரு மணி நேரம் ஏந்துவது எளிதன்று.

மூச்சு எடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். ரீலில் எட்டாம் பங்குச் சுரங்கள் இடைவெளியின்றி ஓடும்; மூச்சுக்கென்று இடம் எழுதப்பட்டிருக்காது. ஒரு சுரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும். எதை விடுவது என்பதே வாசிப்பவரின் ரசனை. விசிலில் மூச்சு நெடுநேரம் தாங்குவதால் இந்தத் தேவை குறைவு. ஆகவே விசிலில் கற்ற மெட்டை ஃபுளூட்டுக்குக் கொண்டுவரும்போது விட வேண்டிய சுரங்களைப் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும்.

19 மே 2024

முதல் குறிப்பை மறுபடி படித்தேன். விசிலை ஏதோ குறைந்த கருவியாகச் சொல்வதுபோல் சிலருக்குப் பட்டிருக்கிறது. அது என் எண்ணத்துக்கு நேர்மாறானது. முதற்படி என்ற சொல்லை நான் எதிர்ப்பதற்கு விசில் மேலுள்ள மரியாதையும் காரணம். விசில் கலைஞர் மேரி பெர்கின் 1979-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டைக் கேட்டவர் எவரும் அதை வேறொன்றுக்கான ஒத்திகை என்று சொல்ல மாட்டார். டூலின் ஊரைச் சேர்ந்த மிக்கோ ரசல் ஃபுளூட்டும் வாசித்தவர். ஆனாலும் அவரை நினைத்தால் விசில்தான் நினைவுக்கு வருகிறது. அணிகளை அளந்து போட்டு, மெட்டை வெளிச்சத்தில் நிறுத்துவார். அந்தப் பக்கம் மாட் மொல்லாய்: ராஸ்காமன்காரர், 1979-இல் சீஃப்டன்ஸ் என்ற ஐரிஷ் இசைக்குழுவில் சேர்ந்தவர், பைப்ஸின் அணிகளை ஃபுளூட்டுக்குள் கொண்டுவந்தவர். இவர்களை ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எவரைக் கேட்கும்போது உங்கள் விரல்கள் மேசைமேல் அசைகின்றன என்று பாருங்கள். கடைக்காரரின் யோசனையைவிட அதை நம்பலாம்.

செஷனில் ஒரு நடைமுறை வேறுபாடும் உண்டு. மெட்டு அரைகுறையாகத் தெரிந்த விசில்காரர் அறை முழுவதற்கும் கேட்பார்; ஃபுளூட்காரர் தயங்கி ஊதினால் பிடில்களுக்குள் மறைந்துகொள்ளலாம்.

9 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் டெல்ரின் ஃபுளூட் ஒன்றை வாங்கிவிட்டதாகவும், மேசையில் கிடக்கட்டும் என்று ஒரு விசிலையும் சேர்த்து வாங்கியதாகவும் எழுதியிருக்கிறார். நல்ல முடிவு. புது மெட்டைக் காதால் பிடிக்கும்போது விசிலை எடுங்கள். ஒலி உடனே வருவதால் கவனம் மெட்டில் மட்டும் நிற்கும். பிடித்த மெட்டை ஃபுளூட்டுக்கு மாற்றுமுன், நடுவிலுள்ள ஜி-யில் தொடங்கி ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கி, டி-வரை நீண்ட சுரங்களாக ஊதுங்கள். சுருதியை அளந்து காட்டும் கருவியின் ஊசியைப் பார்த்துக்கொண்டே ஊத வேண்டாம், உதடு இறுகிவிடும். ஒலி நிறைந்த பிறகு ஊசியைப் பார்க்கலாம்.

அவர் கடைசியாகக் கேட்டது வகுப்புகளைப் பற்றி. லிமெரிக்கிலிருந்து கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பே ஊர் தொலைவில்லை. 1973-இல் தொடங்கிய வில்லி கிளான்சி இசைக் கோடைப்பள்ளி ஜூலை மாதத் தொடக்கத்தில் அங்கே ஒரு வாரம் நடக்கிறது. விசிலுக்கும் ஃபுளூட்டுக்கும் வகுப்புகள் தனித்தனி. ஃபுளூட் வகுப்பில் சேருங்கள். ஊர் சிறியது, அந்த வாரத்துக்கு உள்ளூரில் அறை கிடைப்பது அரிது, அதே மாவட்டத்து எனிஸ் நகரில் தங்கிப் பேருந்தில் போய்வரும் யோசனை இருந்தால் இரவு செஷன்களை மறந்துவிட வேண்டும். ஆகவே அறையை இன்றே தேடத் தொடங்குங்கள்.